1982-ல் தூத்துக்குடியில் கலர் டிவி பார்த்திருக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உங்கள் தாத்தா 1982-ல் தூத்துக்குடியில் பக்கத்து வீட்டில் கலர் டிவி பார்த்ததாகச் சொல்கிறார். அதே வருடம் சென்னையில் வேலையில் இருந்த உங்கள் அப்பாவோ, ஆசிய விளையாட்டு முழுவதையும் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் பார்த்தேன், தூத்துக்குடிக்கு அப்போது டிவியே வரவில்லை, பெரியவர் கதை விடுகிறார் என்கிறார். இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் "இந்தியாவில் கலர் டிவி வந்த ஆண்டு 1982" என்று ஒரே வரி. இதில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அந்த ஒரு வரிதான் முழுசாக இல்லை. ஒளிபரப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் அனுப்புகிறவர் பக்கத்திலிருந்து தேதி போடுவார்கள். நம் வீட்டு மொட்டைமாடிக்கு அது எப்போது வந்து சேர்ந்தது என்பது தனிக் கணக்கு, அது ஊருக்கு ஊர் மாறும்.

நான் டிவி சர்வீஸ் தொழிலில் இருந்தவன். 1980-களில் மதுரையில் ஒரு கடையில் தொழில் படித்துவிட்டு, அப்புறம் கடலோரப் பக்கம் சொந்தமாகக் கடை போட்டேன். அதனால் பெட்டி, ஆன்டெனா, சிக்னல் பற்றி நான் சொல்வதை நம்பலாம். டெல்லியில் யார் என்ன முடிவு எடுத்தார்கள் என்பது எல்லாரையும் போல எனக்கும் படித்துத் தெரிந்ததுதான்.

முதலில் டெல்லிக் கதை. இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. பம்பாய்க்கு 1972-ல்தான் வந்தது, சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. எல்லாமே கறுப்பு வெள்ளை. அமெரிக்காவில் 1950-களிலேயே கலர் வந்துவிட்டது, பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 1967-ல் வந்தது, பக்கத்துப் பாகிஸ்தானிலேயே 1976-ல் வந்துவிட்டது. இங்கே "ஏழை நாட்டுக்கு எதற்குக் கலர்" என்ற வாதம் வலுவாக இருந்தது, அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அன்றைக்குக் கறுப்பு வெள்ளைப் பெட்டியே நடுத்தர வீட்டுக்குப் பெரிய செலவு. அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே கலர் வேண்டும் என்று விடாமல் பேசியவர். ஆனால் காரியத்தை முடித்தது 1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுதான் என்பது என் எண்ணம். போட்டி நடத்தும் நாடு மற்ற நாட்டு நிலையங்களுக்கும் படம் கொடுக்க வேண்டும். 1982-ல் கறுப்பு வெள்ளைப் படத்தை நீட்டினால் யார் கையால் தொடுவார்கள்?

அந்த வருடம் ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை, செங்கோட்டையிலிருந்து இந்திரா காந்தி பேசிய சுதந்திர தின நிகழ்ச்சியைக் கலர் ஒளிபரப்பின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். இதற்கு முன்பே, அந்த வருடம் ஏப்ரலிலேயே சோதனை நடந்தது என்று வேறு தேதி சொல்கிறவர்களும் உண்டு. சோதனையைக் கணக்கில் எடுப்பதா, முறையான தொடக்கத்தை எடுப்பதா என்பதைப் பொறுத்து தேதி மாறும், அதற்காகச் சண்டை போட ஒன்றுமில்லை. வருடம் 1982 என்பதில் குழப்பமே கிடையாது. அதே ஆகஸ்டில்தான் டெல்லியிலிருந்து எல்லா நிலையங்களுக்கும் ஒரே நேரத்தில் போகும் தேசிய நிகழ்ச்சியும் ஆரம்பமானது. என்னைக் கேட்டால் கலரைவிட இதுதான் பெரிய மாற்றம். அதுவரை சென்னை நிலையம் பெரும்பாலும் சென்னைக்காக நிகழ்ச்சி செய்த நிலையம். அப்புறம் இரவு நேரத்தின் நல்ல பகுதி இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைப் படம் என்று தமிழ்ச் சனங்கள் காத்துக் கிடந்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் அப்பா விஷயம். கலரில் அனுப்பியதைக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் எப்படிப் பார்க்க முடிந்தது என்ற சந்தேகமும் உங்கள் கேள்வியில் இருந்தது. இந்தியா எடுத்துக்கொண்டது பால் (PAL) என்ற முறை, ஜெர்மனியில் உருவானது. கலர் ஒளிபரப்பு என்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படத்தைத் தனித்தனியாக அனுப்புவது கிடையாது. கேமரா தருகிற மூன்று நிறத்தையும் ஒரு கணக்குப்படி கலந்து (பச்சை சுமார் 59 சதவீதம், சிவப்பு 30, நீலம் 11, மனிதக் கண் வெளிச்சத்தை உணர்கிற விகிதம் அது) முதலில் ஒரு வெளிச்சப் படம் தயாராகும். அதுதான் பழைய கறுப்பு வெள்ளைப் படம், அப்படியே. நிறத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு துணை அலையாக அதன் மேல் ஏறிக்கொண்டு வரும். கலர் பெட்டியில் அதைப் பிரித்தெடுக்கும் சர்க்யூட் உண்டு. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் கிடையாது, அதனால் அது வெளிச்சப் படத்தை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அழுத்தமான நிறம் வருகிற இடத்தில் மட்டும் ரொம்பக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மெல்லிய புள்ளிக்கோலம் தெரியும், அவ்வளவுதான். ஆக, ஒளிபரப்பு கலர், பார்த்தது கறுப்பு வெள்ளை, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. 1982-ல் டிவி வைத்திருந்த பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலை. டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே தயாரான பெட்டிகள், மரத்தில் இழுப்புக் கதவு வைத்தவை, பத்து வருடம் கழித்தும் ரிப்பேருக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தன. திரைக்கு முன்னால் மேலே நீலம், கீழே பச்சை என்று கலர் பிளாஸ்டிக் தாள் மாட்டிக்கொண்டு கலர் டிவி என்று சொல்லிக்கொண்டவர்களும் இருந்தார்கள். உங்கள் தாத்தா பார்த்தது அந்தத் தாளாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான கலர் பெட்டி அன்றைக்கு ஒரு பள்ளி ஆசிரியரின் பல மாதச் சம்பளம். உள்நாட்டில் தயாரிப்பு அப்போதுதான் தொடக்கம், அதனால் ஆசிய விளையாட்டையொட்டி அரசு கலர் பெட்டி இறக்குமதிக்குச் சலுகை கொடுத்தது. 50,000 பெட்டி என்ற எண்ணைப் பல கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன், எண் சரியோ இல்லையோ, அது போதவில்லை என்பது நிச்சயம். இந்தியா ஹாக்கி இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 7-1 என்று உதை வாங்கியதையும், பி.டி. உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கியதையும் உங்கள் அப்பாவைப் போலத்தான் பெரும்பாலோர் சாம்பல் நிறத்தில் பார்த்தார்கள்.

அந்த விளையாட்டு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததே பெரிய பாடு. 1982 ஏப்ரல் 10 அன்று இன்சாட்-1ஏ செயற்கைக்கோளை அமெரிக்காவிலிருந்து ஏவினார்கள். ஏழு வருடம் உழைக்க வேண்டிய கோள் அது. தொலைபேசி, வானிலை, டிவி எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்தது. மேலே போன நாளிலிருந்தே ஆன்டெனா விரிவதில் தகராறு, சூரிய ஒளி தள்ளுவதைச் சமன் செய்யும் பாய் விரியவே இல்லை, கடைசியில் கோளைத் திசை மாறாமல் நிறுத்தி வைக்கும் எரிபொருள் தீர்ந்து செப்டம்பர் 6-ல் கைவிட்டார்கள். தேசிய நிகழ்ச்சி தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, விளையாட்டுக்கு இரண்டரை மாதம் இருக்கிறது. வெளிநாட்டுச் செயற்கைக்கோளில் இடம் வாடகைக்குப் பிடித்து, தபால் தந்தித் துறையின் மைக்ரோவேவ் இணைப்புகளையும் சேர்த்துக்கொண்டுதான் ஒப்பேற்றினார்கள். அந்த இன்ஜினியர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எல்லாரும் அந்த விளையாட்டின் சின்னமான யானைக்குட்டி அப்புவைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சரி, தூத்துக்குடிக்கு வருவோம். சென்னை நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் நல்ல உயரமான ஆன்டெனா வைத்தால் நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒழுங்காகக் கிடைக்கும், கொஞ்சம் கூடுதலாகவும் போகும். தூத்துக்குடி நேர்கோட்டிலேயே ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே தூர்தர்ஷன் அங்கே வரவில்லை என்று உங்கள் அப்பா சொல்வது சரி. அவர் விட்டுவிட்டது இலங்கையை. 1982 பிப்ரவரி 15 அன்று, அதாவது டெல்லியில் கலர் வருவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே, ஜப்பான் உதவியோடு இலங்கை அரசின் டிவி நிலையமான ரூபவாஹினி தொடங்கிவிட்டது. அது ஆரம்பத்திலிருந்தே கலர். அதுவும் அதே பால் முறை. அவர்களுடைய முக்கிய டிரான்ஸ்மிட்டர் இருந்தது பிதுருதாலகாலையில், இலங்கையின் மிக உயரமான மலை, 2,524 மீட்டர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நிகழ்ச்சி. ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் 1980-களின் தொடக்கத்தில் டிவி வாங்கியவர்களில் பெரும்பகுதி ரூபவாஹினியை நம்பித்தான் வாங்கினார்கள், இது நான் கேள்விப்பட்டது மட்டுமில்லை, அந்த வீடுகளின் பழைய ஆன்டெனாக்களைக் கழற்றி இறக்கியவன் நான். மதுரை, திருச்சி வரைக்கும் பிடித்தவர்கள் உண்டு.

அந்த மலையிலிருந்து தூத்துக்குடி சுமார் 350 கிலோமீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து அனுப்பினாலும் பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால் இருநூறு கிலோமீட்டர் தாண்டியதும் சிக்னல் தலைக்கு மேலே போய்விட வேண்டும். அப்புறம் எப்படிக் கிடைத்தது? கடல்தான் காரணம். மன்னார் வளைகுடாவில் கடல்மட்டத்தை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான உலர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில், டிவி அலை அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு குழாய்க்குள் போகிற தண்ணீர் மாதிரி வெளியே சிதறாமல் தூரம் போகும். கோடைக்காலத்து இரவில், காற்று அசையாத நாளில், பக்கத்து ஊர் நிலையம் மாதிரி பளிச்சென்று தெரியும். காற்றடிக்கிற நாளிலும் மழையிலும் திரை முழுக்கக் கொசு மொய்க்கும், சத்தம் மட்டும் வரும், அதுவும் சில நேரம் இல்லை. நாற்பது அடி, ஐம்பது அடி இரும்புக் குழாய், உச்சியில் நிறையக் கம்பி வைத்த பெரிய ஆன்டெனா, அதற்கடியிலேயே சிக்னலைக் கூட்டும் ஒரு பூஸ்டர், நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி இருக்கும். ஒருத்தர் மாடியில் நின்று திருப்ப, கீழே ஒருத்தர் "இன்னும், இன்னும், ஆங், நிறுத்து, போச்சு" என்று கத்துவது அந்தக் காலத்து மாலைநேரச் சத்தம். வடக்கே கொக்காவிலிலும் ரூபவாஹினிக்கு ஒரு கோபுரம் இருந்தது, 1990 போரில் அழிந்துபோனது. அது இயங்கிய காலத்தில் ராமேசுவரம் பக்கத்துக்காரர்களுக்கு அது இன்னும் கிட்டம்.

அடுத்த கேள்வி, கலர் பெட்டிக்கு எங்கே போனார்கள்? கடலோர ஊர்களில் கப்பலில் போகிறவர்கள், சிங்கப்பூர், வளைகுடா என்று பிழைப்புக்குப் போனவர்கள் அப்போதே ஏராளம். சிங்கப்பூரில் 1974-லிருந்து கலர் ஒளிபரப்பு, அதுவும் பால் முறை. துபாய், குவைத்திலும் பால்தான். அங்கே வாங்கிய பெட்டியை இங்கே கொண்டுவந்து ரூபவாஹினியைப் பிடித்தால் நேராகக் கலர் வரும், எதையும் மாற்ற வேண்டாம். சவுதியில் இருந்தது சீகாம் முறை, அமெரிக்காவில் என்டிஎஸ்சி. அந்தந்த முறைக்கு மட்டுமே செய்த பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தவர்கள், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதில் கறுப்பு வெள்ளைப் படம் தெரிகிறதே என்று தலையில் கை வைத்தார்கள், சிலருக்கு அதுகூட ஒழுங்காக நிற்காமல் ஓடும். அதே நேரம், சரியான பெட்டியாக இருந்தாலும் சிக்னல் பலவீனமாக இருந்தால் கலர் வராது. பெட்டிக்குள்ளேயே ஒரு சர்க்யூட் உண்டு, நிறத் தகவல் ஒரு அளவுக்குக் கீழே போனால் அதைத் துண்டித்துவிட்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளையாகவே காட்டும், கண்டபடி நிறம் தெறிக்காமல் இருப்பதற்காக. அதனால் ஒரே பெட்டி ஒரே இரவில் எட்டு மணிக்குக் கலராகவும் எட்டே காலுக்குச் சாம்பலாகவும் மாறும். புதிதாக வாங்கியவர்கள் "கலர் போயிட்டு போயிட்டு வருது, டியூப் போச்சா" என்று பதறிக்கொண்டு வருவார்கள். டியூப் நன்றாகத்தான் இருக்கும், ஆன்டெனாவை அரை அங்குலம் திருப்பினால் சரியாகிவிடும்.

ஆக, 1982-ல் தூத்துக்குடியில் கலர் டிவி என்பது நடக்கக் கூடியது, நடந்தது. உங்கள் தாத்தா பார்த்தாரா என்பதை நான் இங்கிருந்து சான்றிதழ் கொடுக்க முடியாது, ஆனால் பொய் என்று தள்ள எந்தக் காரணமும் இல்லை. ஒன்றே ஒன்றில்தான் எனக்குச் சந்தேகம். அவர் ஆசிய விளையாட்டையே அங்கே கலரில் பார்த்தேன் என்று சொன்னால் கொஞ்சம் யோசிப்பேன். நவம்பர் கடைசியும் டிசம்பர் தொடக்கமும் வடகிழக்குப் பருவமழை நேரம், நான் சொன்ன காற்று அடுக்கு அப்போது நிலையாக நிற்காது. வயதானவர்கள் இரண்டு மூன்று வருட நினைவுகளை ஒரே வருடத்தில் போட்டு அடைப்பதும் சகஜம்.

ஏனென்றால் அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் மாறிவிட்டது. 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் இன்சாட்-1பி போனது, அது ஒழுங்காக வேலை செய்தது. அதை நம்பி 1984-ல் நாடு முழுக்கச் சிறிய டிரான்ஸ்மிட்டர்களை வைத்துத் தள்ளினார்கள், ஒரு கட்டத்தில் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில். நூறு வாட் சக்தி, ஒரு டிஷ், ஒரு கோபுரம், பதினைந்து இருபது கிலோமீட்டர் சுற்றளவு, இதுதான் சிற்றூர்களுக்கு வந்த தூர்தர்ஷன். இவை தொடக்கத்தில் பெரும்பாலும் டெல்லியிலிருந்து வந்ததை அப்படியே திருப்பி அனுப்பியவை. யோசித்துப் பாருங்கள், தமிழ்நாட்டுக்குள் இருக்கிற ஊரில் நம் அரசு நிலையத்தைத் திருப்பினால் இந்தி, அந்நிய நாட்டு நிலையத்தைத் திருப்பினால் தமிழ்ச் செய்தி. கொடைக்கானல் மலையில் பெரிய டிரான்ஸ்மிட்டர் 1980-களின் கடைசியில் வந்த பிறகுதான் தென்மாவட்டத்தில் பல வீடுகளுக்குச் சென்னை நிகழ்ச்சி சுத்தமாகக் கிடைத்தது. அப்போதுதான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆன்டெனாக்கள் மலைப்பக்கம் திரும்பின, எனக்கும் நல்ல வருமானம். இன்னொரு வேடிக்கை, கலரும் தேசிய நிகழ்ச்சியும் வந்து முடிந்த பிறகு, 1982 டிசம்பரில்தான் இதில் என்ன காட்டலாம் என்று ஆராய பி.சி. ஜோஷி தலைமையில் ஒரு குழு போட்டார்கள்.

தாத்தாவிடம் நீங்கள் கேட்க வேண்டியது சிலது உண்டு. "கலர் பார்த்தீங்களா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார். ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கேளுங்கள். கிழக்கே அல்லது தென்கிழக்கே, கடல் பக்கம் என்றால் ரூபவாஹினி. செய்தி எந்த மொழியில் வந்தது, நடுவில் புரியாத மொழி வந்ததா, அது இந்தி மொழியா, சிங்களமா என்று கேளுங்கள். பெட்டியை யார் எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பதும் முக்கியம். படம் எல்லா நாளும் ஒரே மாதிரி தெரிந்தது என்றால் அது 1984-க்குப் பிந்தைய நினைவு, கோடையில் நன்றாகவும் மழைக்காலத்தில் மோசமாகவும் தெரிந்தது என்றால் அவர் சொல்கிற 1982 நம்பத் தகுந்தது. அந்தப் பக்கத்து வீட்டில் பழைய பெட்டி இன்னும் பரணில் கிடந்தால் இன்னும் நல்லது, பின்பக்க ஒட்டுச்சீட்டில் தயாரித்த நாடும் பால் என்ற எழுத்தும் இருக்கும், சிலவற்றில் வருடமும் இருக்கும். அதை வெளியிலிருந்தே படிக்கலாம். பின்மூடியைக் கழற்றவோ கரண்ட் கொடுத்துப் பார்க்கவோ வேண்டாம். கலர் பிக்சர் டியூபுக்கு ஓடும்போது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும், அணைத்த பிறகும் டியூபில் சார்ஜ் தங்கும், அத்தனை வருடம் கிடந்த கண்டென்சர்கள் கரண்ட் பட்டதும் வெடிக்கவும் செய்யும்.